எச்டி டிவிடியா, ப்ளூ-ரேயா: கூடுதல் அம்சங்களில் எது கெட்டி?

டிவிடிக்கு அடுத்து வந்த உயர்துல்லியப் பட வட்டுகள் எச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும். 2006இல் சில மாத இடைவெளியில் இரண்டும் கடைக்கு வந்தன. படத்தின் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கொள்ளளவில் ப்ளூ-ரே முந்தியது: இரட்டை அடுக்கு வட்டில் 50 ஜிபி, எச்டி டிவிடியில் 30. ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைக் குடைந்து பார்க்கும் வசதிகளில், சந்தைப் போட்டியில் தோற்றுப்போன எச்டி டிவிடிக்குத்தான் என் ஓட்டு.

காரணம் விதிமுறை. எவ்வளவு மலிவான எச்டி டிவிடி பிளேயரானாலும் படத்தின் மேலேயே இன்னொரு வீடியோவை ஓட்டும் திறன், இணைய இணைப்பு, 128 எம்பி சேமிப்பிடம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரேக்காரர்கள் இதையெல்லாம் தவணை முறையில் கொடுத்தார்கள். 2007 அக்டோபர் வரை அறிமுகமான பிளேயர்களில், படத்தின் மேலேயே இன்னொரு வீடியோ ஓடும் இந்தக் குட்டித்திரை கட்டாயமில்லை. அதன் பிறகுதான் குட்டித்திரை வசதிகொண்ட ‘போனஸ் வியூ’ தரம். இணையம் வேண்டுமென்றால் அதற்கும் மேலே ‘பிடி-லைவ்’ என்ற தரம். முந்திக்கொண்டு வாங்கியவர்களில் ப்ளூ-ரேயும் ஓட்டும் சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். மென்பொருள் புதுப்பிப்பிலேயே அவர்களுக்கு இரண்டும் கிடைத்துவிட்டன.

2007 ஜூலையில் வந்த ‘300’ படத்தின் வட்டில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எச்டி டிவிடியில் படம் ஓடும்போதே ஒரு சிறு சட்டத்தில் அதே காட்சி, வரைகலை சேர்ப்பதற்கு முன்பு எடுத்தபடியே ஓடும். பெரிய திரையில் வானமும் பாறையும். சட்டத்துக்குள் அதே வீரர்கள், பின்னால் வெறும் நீலத் திரை. கூடவே இயக்குநரின் விளக்கம். அதே நாளில் வந்த ப்ளூ-ரேயில் இது இல்லை.

ப்ளூ-ரேயின் மெனுவையும் கூடுதல் அம்சங்களையும் இயக்கும் ஜாவா நிரல்கள் சக்திவாய்ந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் பல வட்டுகளில் மெனு வரும்வரை காத்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடம் நினைவில் இருக்காது. இவ்விஷயத்தில் பழைய டிவிடியே மேல். 1999இல் வந்த ‘மேட்ரிக்ஸ்’ டிவிடியில் வெள்ளை முயல் தோன்றும்போது பொத்தானை அழுத்தினால், அந்தக் காட்சியை எடுத்த விதம் ஓடி முடிந்து, படம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இத்தனைக்கும் டிவிடி நிரலாளருக்குக் கிடைத்தவை எண்களைக் குறித்துவைக்கும் வெறும் 16 பதிவேடுகள்.

2008 பிப்ரவரியில், எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபா நிறுவனமே அதைக் கைவிட்டது. இன்று பழைய ப்ளூ-ரே வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ‘போனஸ் வியூ’ அம்சம் வட்டுக்குள்ளேயே இருக்கும். ‘பிடி-லைவ்’ அம்சம் நிறுவனத்தின் சர்வரை நம்பியது. சர்வரை மூடிவிட்டால் மெனுவில் பொத்தான் மட்டும்தான் மிஞ்சும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.