110 வோல்ட் போட்டால் போதுமா? அமெரிக்க 16 எம்.எம். ப்ரொஜக்டர், ஆறு வருடப் பயன்பாடு

நண்பர் ஒருவர் நான்கு புகைப்படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த 16 எம்.எம். மெஷின். விலை படிந்துவிடும் போலிருக்கிறது. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?" அதே ரகத்து மெஷின் ஒன்று ஆறு வருடமாகச் சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அமெரிக்காவுக்கென்று செய்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வியாதி பொது. அந்த "போதும்" என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மெஷின் அருமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் அடி வாங்குவதற்கென்றே செய்த சாமான். ஃபிலிமை மேலே உள்ள பள்ளத்தில் படுக்க வைத்து லீவரைத் தள்ளினால் ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்க வேண்டிய இரண்டு லூப்பும் தானாக அமைந்துவிடும். பாதி ரீலில் நிறுத்தி ஃபிலிமை வெளியே எடுக்கவும் முடியும். தானே ஃபிலிமை இழுத்துக்கொள்ளும் ஆட்டோ மாடல்களில் இது நடக்காது, ஒரு இடத்தில் சிக்கினால் கத்திரிக்கோல்தான். கேட்டை (விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஃபிலிம் ஓடும் பாதை) திறந்து, மரக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு துடைப்பு. உலோகம் எதுவும் கேட்டுக்குள் போகக்கூடாது. பராமரிப்பு அவ்வளவுதான். படமோ, எல்.இ.டி. ப்ரொஜக்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு பொருளாகத் தெரியும்.

லென்ஸை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கூடவே வருவது அநேகமாக 50 எம்.எம். லென்ஸாக இருக்கும், வகுப்பறை நீளத்துக்கு ஏற்றது. ஒரு ஃபிரேமில் திரைக்குப் போகும் அகலம் சுமார் 9.65 எம்.எம். ஆகவே 5 மீட்டர் ஹாலில் 50 எம்.எம். லென்ஸ் கொடுக்கும் படம் ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. 25 எம்.எம். லென்ஸ் கிடைத்தால் அதே தூரத்தில் 1.9 மீட்டர்.

இனி தகடு. மெஷினின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். 120 வோல்ட் என்ற எண் எல்லார் கண்ணிலும் படும். பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) என்று இருப்பதை யாரும் படிப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. நம் வீட்டுக்கு வரும் 50, அது வழியாக 50 ஆகவே மெஷினுக்குள் போகும்.

இந்த மெஷின்களில் இருப்பது ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ், வோல்ட் அல்ல. 60-இல் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட்டும் மெஷின் 50-இல் 20 ஃபிரேம்தான் ஓட்டும். ஊமைப் படமானால் சமாளிக்கலாம். பேசும் படத்தில் குரல் ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். 5 கட்டையில் பாடிய அம்மாள் 3 கட்டையில் பாடுவார், அதுவும் தூக்கக் கலக்கத்தோடு. 33 நிமிடத்தில் முடிய வேண்டிய 1200 அடி ரீல் 40 நிமிடம் இழுக்கும். ஒளியை வெட்டும் ஷட்டர் இரண்டு இதழ் கொண்டதானால் விநாடிக்கு 48 முறை வெட்டிய ஒளி 40 ஆகக் குறைந்து, வெளிச்சமான காட்சிகளில் திரை துடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஊர்க் கோயில் கொடைகளில் 16 எம்.எம். ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஜெனரேட்டர் தளர்ந்தால் பாட்டும் தளரும்.

"எனக்கு வித்தியாசமே தெரியவில்லையே" என்பவர்களுக்கு ஒரு சோதனை. 16 எம்.எம். ஃபிலிமில் அடிக்கு 40 ஃபிரேம். லீடரில் (படத்துக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஃபிலிம் துண்டு) 36 அடி அளந்து இரு முனையிலும் மார்க்கரால் கோடு போட்டு ஓட்டுங்கள். சரியான மெஷினில் முதல் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 60 விநாடி. 72 விநாடி ஆனால் ஓடுவது 20 ஃபிரேம். எண்கள் இறங்கி வரும் லீடர் இருந்தால் அளவு நாடாவும் வேண்டாம்: 8 தோன்றியதிலிருந்து 2 தோன்றும்வரை 6 விநாடி ஆக வேண்டும், 7.2 அல்ல.

எல்லாரும் சொல்லும் வைத்தியம், மோட்டார் புல்லியைப் பெரிதாக்குவது. 60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2, புல்லியின் விட்டம் அந்த அளவுக்குக் கூட வேண்டும். லேத் பட்டறையில் அரை நாள் வேலை. இங்கேதான் முதல் தப்பு நடக்கும். பழைய புல்லி 15 எம்.எம். என்றால் 18-க்குக் கடையச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தட்டை பெல்ட்டின் தடிமனும் கணக்கில் சேரும். பெல்ட் 1.5 எம்.எம். என்றால் உண்மையில் வேலை செய்யும் விட்டம் 16.5, அதை 1.2-ஆல் பெருக்கினால் 19.8; பெல்ட்டைக் கழித்தால் புல்லி 18.3. அந்த 0.3-ஐ விட்டால் வேகம் 23.6 ஃபிரேமில் நிற்கும். பேச்சுக்குத் தெரியாது, சுருதிப் பெட்டியை வைத்துப் பாட்டைக் கேட்டால் தெரியும். முதலில் 18.5 வைத்துக் கடைந்து, லீடரை ஓட்டிப் பார்த்து, துளித் துளியாக இறக்குவதுதான் முறை. பெரிய புல்லிக்குப் பழைய பெல்ட் இறுகும், ஆகவே சற்று நீளமான பெல்ட்டும் தேவை. பழைய ரப்பரை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

புல்லி மாற்றியவுடன் குரல் நிமிரும். அந்த மகிழ்ச்சியில் பலரும் மெஷினை மூடிவிடுகிறார்கள். மூடக்கூடாது, ஏனென்றால் மோட்டார் இன்னும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. புல்லி சரிசெய்தது ஃபிலிமின் வேகத்தை மட்டும். பெரும்பாலான மெஷின்களில் விளக்கைக் குளிர்விக்கும் விசிறி அதே மோட்டாரின் தண்டில் நேராக மாட்டியிருக்கும், அதற்குப் பெல்ட்டே கிடையாது. ஆக விளக்குக்குப் போகும் காற்று நிரந்தரமாக ஆறில் ஒரு பங்கு குறைவு, அதுவும் சென்னை மே மாதத்துக் காற்று. உள்ளே இருப்பது ஈ.எல்.சி. என்ற குறியீடு கொண்ட 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன், புத்தம் புதிதாகவே சுமார் 50 மணி நேர ஆயுள். காற்று குறைந்தால் முதலில் போவது விளக்கு அல்ல, அதன் பீங்கான் ஹோல்டர். ஊசி பிடிக்கும் இடம் கறுத்து, பிடி தளர்ந்து, தளர்ந்ததால் மேலும் சூடாகி, கடைசியில் புது விளக்கு போட்டாலும் விட்டுவிட்டு எரியும். "டூப்ளிகேட் விளக்கு சார்" என்பார்கள். விளக்கில் குறையிருக்காது, ஹோல்டரை மாற்றினால் எரியும்.

இன்னொரு சங்கதி. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலுக்கு 50-இல் அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்பு தாங்க வேண்டிய காந்தம் 20 சதவீதம் கூடும். மோட்டார் முனகும், ஒரு ரீல் முடிவதற்குள் கை வைக்க முடியாமல் சுடும். அதற்கு மருந்து 100 வோல்ட் கொடுப்பது. கொடுத்தால் மோட்டார் நிம்மதியாகிவிடும். ஆனால் விளக்கும் அதே மின்சாரத்தில்தான் எரிகிறது. அதற்கு 24-க்குப் பதில் 20 வோல்ட் கிடைத்து ஒளி ஏறக்குறைய பாதியாகும். மோட்டாருக்கு இரக்கம் காட்டினால் திரை மங்கும். திரைக்கு இரக்கம் காட்டினால் மோட்டார் வேகும். இதை யோசிக்காமல் "கன்வெர்ட் பண்ணியாச்சு" என்று சீட்டு ஒட்டி விற்கிறவர்கள் மேல் வரும் கோபத்தை அச்சில் எழுத முடியாது.

கடைசியில் ஒழுங்காக வேலை செய்யும் ஏற்பாடு இது. புல்லியைத் தொடவே வேண்டாம். மோட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தரும் ப்யூர் சைன் (மெயின்ஸைப் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் கூடாது. ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும், மோட்டாரும் சுடும். விளக்கைத் தனியாகப் பிரித்து, 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (மெயின்ஸை டி.சி. ஆக்கித் தரும் பெட்டி) ஒன்றில் கொடுக்க வேண்டும், சென்னை ரிச்சி தெருவில் போர்டு விளக்குக்காரர்கள் வாங்குகிற அதே தகரப் பெட்டி. விளக்கு கழன்றபின் மோட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் சேர்த்து 150 வாட் அளவுதான், பேட்டரியிலிருந்து சுமார் 15 ஆம்பியர். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியே மூன்று மணி நேரப் படத்துக்குத் தாராளம். மோட்டார் முழு வேகம், விசிறி முழு வேகம், 24 ஃபிரேம், 24 வோல்ட். எல்லாம் தகட்டில் உள்ளபடி.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். குளிர்ந்த ஹாலஜன் இழை எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். அதை ஷார்ட் என்று நினைத்து நின்று நின்று துடிக்கும். விளக்கோடு தொடரில் 15 ஆம்பியர் தாங்கும் என்.டி.சி. தெர்மிஸ்டர் (குளிர்ந்திருக்கும்போது கரண்டைத் தடுத்து, சூடானதும் வழிவிடும் உறுப்பு) ஒன்று போட்டால் சரியாகும். அது சுடும் பொருள், ஒயர் மேல் படாமல் நிறுத்த வேண்டும். அடுத்தது உயிர் போகிற விஷயம் இல்லை, ஃபிலிம் போகிற விஷயம்: மோட்டார் நின்றிருக்கும்போது விளக்கு எரியவே கூடாது. ஆகவே பழைய விளக்கு சுவிட்ச் வழியாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயங்கி, அந்த ரிலே எஸ்.எம்.பி.எஸ்.ஸை விளக்கோடு இணைக்க வேண்டும். தனி சுவிட்ச் வைத்தவர்களின் கேட்டில் நின்ற ஃபிரேம் கொப்புளித்துப் போன கதை ஏராளம்.

இந்த அளவுக்கு இறங்க மனமில்லாதவர்கள் புல்லியோடு நிறுத்திக்கொண்டு, 250 வாட் இடத்தில் 200 வாட் ஈ.ஜே.எல். விளக்கைப் போட்டு, விளக்கு அறைக்கு வெளியே 80 எம்.எம். டி.சி. விசிறி ஒன்றைக் காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்தலாம். டிரான்ஸ்ஃபார்மர் குறைந்தது 750 வி.ஏ. (வாட் போன்ற அளவு) இருக்கட்டும். பயணத்துக்கு விற்கும் கையடக்கக் கன்வெர்ட்டர் மட்டும் கூடவே கூடாது. அது அலையை வெட்டித் தருகிறது, ஆம்ப்ளிஃபையரும் மோட்டாரும் சேர்ந்தே போகும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரானால் மெயின்ஸிலிருந்து பிரிப்பு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பழைய இரண்டு பின் பிளக்கை வெட்டிவிட்டு, மூன்று கம்பி ஒயர் போட்டு, உலோக உடம்பை எர்த் செய்யாமல் அந்த மெஷினைத் தொடாதீர்கள்.

ஜப்பானிலேயே விற்ற மெஷின்கள் இந்த விஷயத்தில் மேல். அங்கே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. அதனால் பலவற்றில் மோட்டார் புல்லியே இரண்டு படியாக இருக்கும். பெல்ட்டைக் கழற்றிப் பெரிய படியில் போட்டால் வேலை முடிந்தது. வோல்ட் மட்டும் 100. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் வந்த 50 ஹெர்ட்ஸ் மெஷின்களில் இந்தத் தலைவலியே இல்லை. பள்ளிக்கூடப் பரணிலும் பழைய சாமான் கடையிலும் அவை இன்னும் அகப்படுகின்றன, வெளியே துரு பிடித்திருந்தாலும்.

ஃபிலிமைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் சரியாகிவிட்டது என்று கையில் கிடைத்த பழைய பிரிண்டை ஏற்றிவிடாதீர்கள். 100 ஃபிரேமை மேசையில் நீட்டி அளந்தால் 762 எம்.எம். இருக்க வேண்டும். 755-க்குக் கீழே வந்தால் ஃபிலிம் சுருங்கிவிட்டது, ஃபிலிமைக் கீழே இழுக்கும் கொக்கியான கிளா ஓட்டைகளைக் கிழிக்கும். டப்பாவைத் திறந்ததும் காடி வாசம் அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, மற்ற ரீல்களோடு அதை வைக்கவும் வேண்டாம்.

மதிப்பெண் என்றால், படத்துக்கு 10-க்கு 9. மெக்கானிசத்துக்கு 9. ஒரு ரப்பர் பெல்ட்டைத் தவிர ஆறு வருடத்தில் எந்த உறுப்பும் தானாகக் கெடவில்லை. கெட்டதெல்லாம் 50 ஹெர்ட்ஸ் கெடுத்தது. மொத்தமாக 10-க்கு 4. கணக்கு உதைக்கிறதே என்றால், உதைக்கட்டும். 16 கிலோ மெஷினுக்கு 50 கிலோவுக்கு மேல் பேட்டரியைத் துணைக்கு உட்கார வைத்துப் படம் பார்க்கிறவர் போடும் மதிப்பெண் இப்படித்தான் இருக்கும்.

நண்பருக்கு: அனுப்பிய நான்கு படங்களிலும் லென்ஸ் பளபளக்கிறது, ரீல் சுற்றுகிறது, தகட்டைக் காணோம். மெஷினைக் கவிழ்த்து அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50/60 என்று இருந்தால் விலை பேசலாம். வெறும் 60 என்றால் பெல்ட், எஸ்.எம்.பி.எஸ்., ஹோல்டர், இன்வெர்ட்டர் நான்கையும் விலையிலிருந்து கழித்துவிட்டுச் சொல்லுங்கள். அனேகமாக அவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கும்.