கிரான்பெர்ரி - டி-மேனோஸ் சாஷே: வாங்கலாமா?

அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் இந்தத் தூளை எடுத்து நீட்டுகிறார்கள். கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தின் சாரமும் டி-மேனோஸ் என்ற சர்க்கரையும் கலந்தது. இதில் கிரான்பெர்ரிக்குக் காசு கொடுக்கலாம், மேனோஸுக்கு வேண்டாம்.

மேனோஸைச் சேர்த்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அதன் உடம்பைச் சுற்றி 1-2 மைக்ரான் நீளத்தில் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மேனோஸ் சர்க்கரையை அது கவ்விக்கொள்ளும். சிறுநீர் ஓடும்போது பிடி நழுவாது. சுருக்குக் கண்ணி மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். வெளியிலிருந்து வரும் மேனோஸ் அந்த நுனியை அடைத்துவிட்டால் சுவரைப் பிடிக்க முடியாது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடி ஸ்லைடில் பேக்கரி ஈஸ்ட் கரைசல் ஒரு சொட்டு, இந்த மயிருள்ள ஈ.கோலை ஒரு சொட்டு விட்டு மெதுவாக ஆட்டினால், பால் திரிந்தாற்போல் துகள் துகளாகச் சேரும். ஈஸ்டின் சுவரிலும் மேனோஸ்தான் இருக்கிறது. முன்கூட்டியே மேனோஸ் கலந்துவிட்டால் கலங்கல் அப்படியே நிற்கும், திரியாது.

ஸ்லைடில் பலித்தது உடம்பில் பலிக்கவில்லை. பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களிடம் 6 மாதம் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். தினம் 2 கிராம் டி-மேனோஸ் குடித்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்று என்று மருத்துவ உதவி தேடினார்கள். ஒப்பீட்டுக்கு வேறு சர்க்கரை குடித்தவர்களில் 55.7 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்.

கிரான்பெர்ரி கதை வேறு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளை அலசிய 2023 தொகுப்பில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைந்தது. கர்ப்பிணிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியோருக்கும் பலன் தெரியவில்லை. பாக்டீரியா ஒட்டுவதைத் தடுப்பதாகக் கருதப்படும் சத்து ஏ-வகை புரோஆந்தோசயனிடின், சுருக்கமாக பிஏசி. வழக்கமாகச் சொல்லும் அளவு நாளுக்கு 36 மில்லிகிராம். அட்டையில் 'கிரான்பெர்ரி எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி.' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். அதற்குள் பிஏசி எவ்வளவு என்று தெரியாது. பிஏசி அளவும், அதை டிமாக் (DMAC) என்ற வேதிச் சோதனை முறையில் அளந்த குறிப்பும் இருக்க வேண்டும். திராட்சை விதையில் இருப்பது பி-வகை, அது இதற்கு ஈடாகாது.

எரிச்சல் தொடங்கிய பிறகு இதைக் குடித்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. ஒட்டிய பாக்டீரியா அதற்குள் சுவரின் செல்களுக்கு உள்ளேயே புகுந்து பெருகியிருக்கும். குளிர்காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே ஈ.கோலை பற்றுவது பெரும்பாலும் வேறொரு மயிரால், அது பிடிப்பது கேலக்டோஸ் சர்க்கரையை, மேனோஸை அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெர்ரியைத் தொட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்ற பரிசோதனை) பாருங்கள். ஈ.கோலை என்று வந்தால், மேனோஸ் கலக்காத, பிஏசி அளவு போட்ட கிரான்பெர்ரி மாத்திரையே போதும்.