சவாரி பேன்ட்: நாள்பட உடுத்தியபின் தெரிவது

குதிரைச் சவாரிக்கான பேன்ட் வாங்கப் போகிறவர்கள் துணியையும் நிறத்தையும்தான் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிடிப்புக்காக வைத்துத் தைத்திருக்கும் பேட்ச்சை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பேன்ட் எந்தச் சவாரிக்கு ஆகும் என்று சொல்ல முடியும்.

குதிரையைச் சீரான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜுக்கு ஃபுல் சீட்தான் சரி. பின்புறம் தொடங்கி உள்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழ் வரை பேட்ச் ஓடும். குதிரை துள்ளுநடை போடும்போது எழாமல் உட்கார்ந்தே போகும் சிட்டிங் டிராட்டில் உடம்பு சேணத்தை விட்டு எழும்பாமலிருக்க இது நன்றாகவே உதவும். தடை தாண்டும் பயிற்சியில் அதே பிடிப்பு தொல்லை. தாண்டும் நேரத்தில் இடுப்பு சேணத்திலிருந்து தடையில்லாமல் எழ வேண்டும். ஒட்டிப் பிடித்தால் குதிரையின் அசைவுக்குப் பின்தங்கிவிடுவோம். அங்கே முழங்கால் பேட்ச் போதும். இரண்டும் பழகுகிறவர் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் முழங்கால் பேட்ச்சையே எடுக்கலாம்.

சிலிக்கோன் பேட்ச் இலேசானது, சீக்கிரம் காயும். ஆனால் உள்முழங்கால் பக்கம் ஓயாமல் உரசுவதால் அங்கிருந்து உரியத் தொடங்கும். ஸ்வீடு என்னும் மெத்தென்ற தோல் பேட்ச் கனமானது, வெயிலில் புழுங்கும். துவைத்துக் காய்ந்ததும் விறைக்கும், கையால் கசக்கினால் இளகும்.

மணிக்கணக்கில் போகும் என்டூரன்ஸ் சவாரிக்கு உடம்போடு ஒட்டி நீளும் டைட்ஸ் நல்லது. உள்தொடைத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். புடைப்பாக இருந்தால் வேண்டாம், தோல் உரிந்துவிடும். சாதாரண ஜீன்ஸ் புண்ணாக்குவதும் இந்தத் தையலால்தான்.

நீள பூட்ஸுக்கு கெண்டைக்காலோடு முடியும் பிரீச்சஸ், குட்டை பூட்ஸுக்கு கணுக்கால் வரை வரும் ஜோத்பூர் பேன்ட். பிரீச்சஸோடு குட்டை பூட்ஸ் போடுவதானால் கெண்டைக்காலைச் சுற்றிப் போடும் உறையான ஹாஃப் சாப்ஸ் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அங்கவடி வார் கெண்டைக்காலைக் கிள்ளும்.

நின்றபடி கண்ணாடி பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். நாற்காலியில் சேணத்தில் உட்கார்வதுபோல் கால்களை அகட்டி உட்காருங்கள். முழங்கால் மடிந்தபோதும் பேட்ச் உள்முழங்காலிலேயே நிற்க வேண்டும், இடுப்பின் பின்பக்கம் வாய் பிளக்கக் கூடாது. வெள்ளை நிறமானால், உள்ளே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் குனிந்தும் பாருங்கள்.

துவைப்பது 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். வெல்க்ரோவை மூடிவிட்டுப் போடுங்கள், திறந்து கிடந்தால் துணியைப் பிறாண்டும். சாஃப்ட்னர் சிலிக்கோன்மேல் படலமாகப் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். டிரையரின் சூடு எலாஸ்டிக்கைத் தளர்த்தும். துவைத்தபின்னும் முழங்கால் தொளதொளவென்று தொங்கினால் மாற்றிவிடுங்கள். அந்த மடிப்பு பூட்ஸுக்குள் போய்த்தான் கொப்புளம் வருகிறது.