பாக்டீரியாவைக் கொட்டுவதா, உரம் போடுவதா, மரம் நடுவதா?

டீசல், தார், பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்று ஏதாவது ஒன்று ஊறிப்போன மண்ணை பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்ய முன்னால் இருப்பவை முக்கியமாக மூன்று வழிகள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டலாம், மண்ணிலேயே இருப்பவற்றுக்கு உரமும் காற்றும் கொடுக்கலாம், இல்லையென்றால் மரத்தை நட்டு அந்த வேலையை வேரிடம் விட்டுவிடலாம். பழைய, ஆழமில்லாத மாசு என்றால் என் ஓட்டு மரத்துக்குத்தான், ஆனால் எந்த மரம் என்று கேட்காமல் போடுகிற ஓட்டு இல்லை.

கொட்டும் வழி கேட்க ஜோராக இருக்கும். குடுவையில் வெளுத்து வாங்கும் பாக்டீரியா மண்ணுக்குள் போனதும் அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கூட்டத்தோடு போட்டிபோட முடியாமல், தன்னைத் தின்னும் ஒருசெல் உயிரிகளிடமும் சிக்கி, பெரும்பாலும் சில வாரங்களில் காணாமல் போய்விடும்.

புதிதாகக் கொட்டிய எண்ணெய்க்கு உரம் நல்ல வழி. எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது, குறைவது தழைச்சத்தும் மணிச்சத்தும். கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பழகிப்போன கணக்கு. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் உரம் தெளித்ததும் இதற்காகத்தான்.

ஆனால் பிசிபி (பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருக்கும், குளோரின் சேர்ந்த நச்சுப்பொருள்) போன்ற முரட்டுச் சரக்கிடம் உரம் மட்டும் பலிக்காது. காற்றுள்ள மண்ணில் பிசிபியை உடைக்கும் பாக்டீரியாவுக்கு அதிலிருந்து பெரிதாகச் சாப்பாடு கிடைப்பதில்லை. பிசிபியைப் போலவே இருக்கும், ஆனால் குளோரின் இல்லாத பைஃபீனைல் என்ற பொருளைத் தின்பதற்காக அது தயாரிக்கும் நொதிகள், போகிற போக்கில் பிசிபியையும் கடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். அதற்காக பைஃபீனைலையே மண்ணில் கொட்டலாமா என்றால், அதுவும் நச்சு.

இங்கேதான் வேர் உள்ளே வருகிறது. வேரை ஒட்டிய மண்ணில் பாக்டீரியாக்கள் அதிகம் என்பது பழைய சேதி. அந்த மண்ணுக்கு ரைசோஸ்பியர் என்று 1904இலேயே லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பெயர் வைத்துவிட்டார். ஆனால் வேர் தருவது வெறும் சர்க்கரை என்றால் அதற்காக மரம் வேண்டியதில்லை, புல்லே போதும். மல்பெரியின் சல்லிவேரைப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்த வேர்களில் பருவம் முதிர முதிர ஃபிளேவனாய்டு வகைப் பொருட்கள் (செடிகளே தயாரிக்கும், வளைய வடிவ மூலக்கூறுகள்) சேர்கின்றன, பருவ முடிவில் வேர்களில் பெரும்பங்கு செத்துப்போகிறது, உள்ளே இருந்த சரக்கு மண்ணுக்குப் போகிறது. பிசிபியை உடைக்கும் பாக்டீரியாக்களில் சில இவற்றைத் தின்றே வளரும். செத்த வேர் விட்டுப்போகும் ஓட்டை வழியாகக் காற்றும் இறங்கும். என்னைக் கேட்டால் மரத்தின் பெரிய உதவியே இந்தச் சாவுதான். உயிருள்ள வேரின் கசிவைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

வில்லோ வேறு ரகம். சாலிசிலேட் வகைப் பொருட்களுக்கு, அதாவது ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருட்களுக்கு, பெயர்போன மரம் அது. தாரில் இருக்கும் நாஃப்தலீனை உடைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுவதும் சாலிசிலேட்தான். அதற்காக வில்லோ எப்போதும் கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். தாரில் இருக்கும் இன்னொரு பொருளான ஃபினாந்த்ரீனை உடைக்கும் சூடோமோனாஸ் பூட்டிடா என்ற பாக்டீரியாவுக்கு வில்லோ வேர்ச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது அதன் உடைக்கும் வேகம் குறைந்திருக்கிறது, எளிய சாப்பாடு கைக்கெட்டும்போது கடினமானதை யார் தொடுவார்கள்! அப்படியும் வேரருகே பாக்டீரியாவின் எண்ணிக்கை கூடுவதால் மொத்தத்தில் வேலை நடக்கலாம்.

மரத்தின் குறைகளும் சின்னவை இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சல்லிவேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடும், மாசு மிஞ்சினால் கன்றே பிழைக்காது. ஈயம், காட்மியம் போன்ற உலோகம் என்றால் உடைக்க எதுவும் இல்லை, இந்தப் போட்டியே பொருந்தாது.

அப்புறம், ஆழத்து நிலத்தடி நீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் (உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் குளோரின் கரைப்பான்) கலந்திருந்தால் நான் கட்சி மாறிவிடுவேன். பாப்லர் மரம் அந்த நீரை உறிஞ்சும்தான், ஆனால் வேர் எட்டும் ஆழம் வரைதான், உறிஞ்சியதில் ஒரு பகுதியை இலை வழியாகக் காற்றில் விட்டுவிடவும் கூடும். காற்றில்லாத அந்த ஆழத்தில் அதன் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, எத்திலீன் வரை கொண்டுபோய் முடிப்பது டிஹாலோகாக்காய்டெஸ் என்ற பாக்டீரியா. அது இல்லாவிட்டால் வேலை பாதியில், சில சமயம் புற்றுநோய் தரும் வினைல் குளோரைடிலேயே, நின்றுவிடும். அங்கே பாக்டீரியாவைக் கொண்டுபோய் இறக்குவதுதான் சரி.