மார்கழி லீவுக்கு லண்டனா, டொரொண்டோவா?

போன மார்கழி லண்டனில் தம்பி வீடு, இந்த மார்கழி டொரொண்டோவில் தங்கச்சி வீடு. இரண்டு தடவையும் அம்மாவும் கூட வந்தார். ஊர் திரும்பியதில் இருந்து கல்லடியில் யாரைக் கண்டாலும் இதே கேள்விதான்: "டீச்சர், புள்ளைகள் வரச் சொல்லுறாங்க, எங்க போனா நல்லம்?"

பயணத்துக்கு லண்டன்தான். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு, 11 மணித்தியாலம் அளவில் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடும். டொரொண்டோ அப்படியில்லை. டுபாயிலோ தோகாவிலோ மாறி ஏற வேண்டும். டுபாயில் இருந்து மட்டும் 14 மணித்தியாலம் வரை பிடிக்கும். அம்மாவுக்குக் கால் வீங்கிச் சப்பாத்தே ஏறவில்லை. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிரில்தான் கணக்கு மாறுகிறது. டொரொண்டோவில் பூச்சியத்துக்குக் கீழே, லண்டனில் 5, 8 பாகை. ஆனால் அம்மா நடுங்கியது லண்டனில். அங்கே குளிரோடு ஈரமும் சேர்ந்து எலும்புக்குள் இறங்கும். தம்பி இருப்பது பழைய செங்கல் வீடு. கேஸ் பில்லுக்குப் பயந்து காலையும் இரவும் மட்டும்தான் ஹீட்டிங். விடியும்போது யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கிடக்கும். ரேடியேட்டரில் விரித்த சேலைக்கரை மறுநாளும் ஈரம். பின்னேரம் 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

தங்கச்சி வீட்டில் தரையில் இருக்கும் துவாரங்கள் வழியாகச் சூட்டுக்காற்று வந்துகொண்டே இருக்கும். அம்மா வெறுங்காலோடு திரிந்தார். அதிலும் வில்லங்கம் உண்டு: உதடு வெடிக்கும், கம்பளிச் சட்டையோடு கதவுப்பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷொக் அடிக்கும். வெளியே குளிரைவிட வழுக்கலுக்குத்தான் பயம். வீதியில் கொட்டும் உப்பில் சப்பாத்து வெள்ளை பூத்துவிடும்.

ஆனால் டொரொண்டோவின் ஸ்காபரோவில் காரும் அதை ஓட்ட ஆளும் இல்லாமல் வயதானவர்கள் அசைய முடியாது. பிள்ளைகள் வேலைக்குப் போனால் வீட்டோடு சிறைதான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் அம்மா தனியே நடந்துபோய்க் கீரை வாங்கி வந்தார். நத்தாரன்று மட்டும் லண்டனில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அன்றைக்கு யாரையும் பார்க்கப் போகத் திட்டம் போட வேண்டாம்.

மறுகா, ஊரோடு கதைப்பது. லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், சமாளிக்கலாம். டொரொண்டோ பத்தரை. இங்கே வெள்ளம் என்று கேள்விப்பட்டு அம்மா பதறிய நேரம் ஊரில் நடுச்சாமம், ஒருவரும் போன் எடுக்கவில்லை.

என் கணக்கில், இரண்டு கிழமைப் பயணத்துக்கு லண்டன். ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதென்றால், வீட்டில் பகலில் துணைக்கு ஆள் இருந்தால், டொரொண்டோ. எதுவானாலும் மருத்துவக் காப்புறுதி எடுக்காமல் வெளிக்கிட வேண்டாம். பெரிய குளிர்ச்சட்டைக்கு இங்கே அலைந்து காசைக் கரைக்காதீர்கள். அங்கே விமான நிலையத்தில் இருந்து உங்களைக் கூட்டிப்போக வருபவரிடம் அவர்களின் பழையது ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் போதும்.