1966 மஸ்டாங் என்று விற்கப்பட்ட கிடார்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய எலெக்ட்ரிக் கிடார்களை இணையத்தில் வாங்குகிறவர்கள், குறிப்பாக ஃபெண்டர் நிறுவனத்தின் அறுபதுகளைச் சேர்ந்த மஸ்டாங்கைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். "1966ஆம் ஆண்டு, எல்லாப் பாகங்களும் ஒரிஜினல்" என்று எழுதி அமெரிக்காவிலிருந்து ஒருவர் எனக்கு விற்ற கிடார், வெவ்வேறு காலத்துப் பாகங்களை ஒன்றாகப் பூட்டியது என்பது, அது கனடாவுக்கு வந்து சேர்ந்து, நான் வரியும் கட்டி முடித்த பிறகே தெரியவந்தது.

மஸ்டாங்கைக் குறிவைத்து இத்தகைய மோசடி நடப்பதற்குக் காரணம் உண்டு. 1964இல் மாணவர்களுக்கான கிடாராக அது வெளிவந்தது. அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் தந்தி அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். மஸ்டாங்கில் அது 24 அங்குலம்தான், அதைவிடக் குட்டையான ஒரு வடிவமும் இருந்தது. கற்றுக்கொள்பவர்களின் கருவி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் அதே ஆண்டில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட மிகக் குறைந்த விலைக்கே அது இன்றும் கைமாறுகிறது. நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேன் கையில் அதைப் பார்த்த பிறகு தேடுவோர் பெருகினார்கள் என்றாலும், அதன் தரத்துக்கு இந்த விலை குறைவு என்பதே என் உறுதியான கருத்து. விலை நடுத்தரமாக இருப்பதால், ஒரு நிபுணருக்குக் கட்டணம் கொடுத்துச் சோதிக்க வாங்குவோர் தயங்குவார்கள் என்பதை இந்த விற்பனையாளர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன், கேட்க வேண்டியவற்றை எழுத்திலேயே கேட்டேன். வரிசை எண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். அந்த எண்ணும் பெரிய 'எஃப்' எழுத்தும் பொறித்த உலோகத் தகடு நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டது, எந்தக் கிடாருக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். அதனால் விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதியான நெக்கைக் கழற்றி, அதன் அடிமுனையில் மை முத்திரையாக இருக்கும் மாதம், ஆண்டு, நெக்கின் அகலத்தைக் குறிக்கும் எழுத்து ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். குமிழ்கள் பூட்டிய உலோகத் தகட்டைத் தூக்கி, பாட்களின் (ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களுக்கு அடியில் உள்ள மின்பாகங்களின்) முதுகில் அச்சிட்டிருக்கும் எண்களையும் கேட்டேன். அந்த எண்களில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்; 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனம். அடுத்த இரண்டு ஆண்டையும் கடைசி இரண்டு வாரத்தையும் சொல்லும். எல்லாப் படங்களும் வந்தன, எல்லாமே 1966 என்று காட்டின, எல்லாமே தெளிவாகவும் இருந்தன.

பெட்டியைத் திறந்த அன்றே, எனக்குப் பழக்கமான கிடார் பழுதுபார்ப்பவரின் மேசையில் வைத்துக் கழற்றினோம். நெக்கின் அடிமுனையில் முத்திரையே இல்லை. உப்புத்தாள் தேய்த்த கோடுகள் வெளிறிய மேப்பிள் மரத்தின்மேல் குறுக்கே ஓடின. பாட்களின் எண்கள் 13778 என்று தொடங்கின, அதாவது 1978. அவற்றின் ஈயப்பற்று நேற்று வைத்ததுபோல் பளபளத்தது. விற்பனையாளர் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தபோது, படத்திலிருந்த நெக்கின் மேல் ஒட்டிய ரோஸ்வுட் பலகையின் கடைசி ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அருகே ஒரு கரிய கீற்று தெரிந்தது. எங்கள் முன்னால் இருந்த பலகையில் அது இல்லை. மரத்தின் ரேகை மனிதரின் கைரேகையைப் போன்றது, இரண்டு பலகைகளுக்கு ஒன்றாக அமையாது. படங்கள் வேறொரு கிடாருடையவை.

உடலின் கதையும் அதுதான். அறுபதுகளின் நடுவில் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பழையதாகும்போது, புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். இந்த உடல் துளியும் ஒளிரவில்லை. ஜப்பானில் பின்னாளில் மறுவெளியீடாக வந்த மஸ்டாங்கின் உடலாக இருக்க வேண்டும் என்று பழுதுபார்ப்பவர் கணித்தார்.

விற்பனையாளரிடம் கேட்டபோது, அறுபது ஆண்டுப் பழைய கருவியில் பாகங்கள் மாறியிருப்பது இயல்பு என்று பதில் வந்தது. மாறியிருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாறியவற்றைச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். பிறகு, விற்பனைத் தளத்தில் நான் கொடுத்திருந்த புகாரைத் திரும்பப் பெற்றால் ஒரு பகுதிப் பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்புவதாகச் சொன்னார். இதற்கு யாரும் இணங்கக் கூடாது. புகாரை மூடியதும் தளத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடும். ஒப்பீட்டுப் படங்களையும் பழுதுபார்ப்பவரின் எழுத்துபூர்வமான அறிக்கையையும் கொடுத்த பிறகு, விற்பனைத் தளம் கிடாரின் விலையைத் திருப்பிக் கொடுத்தது. வந்த அஞ்சல் செலவு, ஒண்டாரியோவின் 13 விழுக்காடு வரி, கூரியர் நிறுவனத்தின் சுங்கக் கட்டணம் ஆகியவற்றைத் தளம் ஈடுசெய்யவில்லை.

ஆகவே தனித்தனிப் படங்களை ஏற்காதீர்கள். கழற்றிய நெக்கும், உடலும், நீங்கள் சொன்ன ஒரு சொல்லை எழுதிய தாளும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். குமிழ்கள் பூட்டிய தகட்டைத் தூக்குவதிலிருந்து பாட் எண்வரை வெட்டில்லாத காணொளி இன்னும் நல்லது. பாட் எண்ணிலும் எச்சரிக்கை தேவை: ஃபெண்டர் 1966இல் பெருமளவில் பாட்களை வாங்கி அடுத்த சில ஆண்டுகளுக்குப் பயன்படுத்தியதால், 1966 என்ற எண் 1968 கிடாரிலும் இருக்கும். கருவி அந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும்.

நான் திருப்பி அனுப்பிய அதே கிடார் இப்போது மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே பழைய படங்களோடு. சிவப்பு உடல், வெள்ளை பிக்கார்டு (உடலின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு), தோள்வார் மாட்டும் கீழ்ப்பக்கப் பொத்தானை ஒட்டி நகக்கண் அளவில் பெயர்ந்த பெயிண்ட். அந்த இடத்தில் பெயிண்டுக்கு அடியில் கெட்டியான வெள்ளைப் பூச்சு தெரியும். இந்த அடையாளங்கள் உள்ள மஸ்டாங்கை யாராவது உங்களிடம் 1966 என்று சொன்னால், ரோஸ்வுட் பலகையின் கடைசி ஃப்ரெட்டை இன்றைய தேதியோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.