கொழும்பு வேன் பெக்கேஜ்: ட்ரைவருக்கு அஞ்சு ஸ்டார், லிஸ்ட்டுக்கு ஒண்டு

ஆகஸ்ட் லீவுக்கு புள்ளையளுக்கு கொழும்பு காட்டுவம் எண்டு மட்டக்களப்பு கல்லடியில இருந்து ஒம்பது பேர் போனம், அம்மா, மாமி, நாங்க ரெண்டு பேர், தம்பியும் மச்சாளும், புள்ளையள் மூண்டு. டவுன்ல வேன் ஓட்டுற ஆக்கள்ர மூண்டு நாள் குடும்ப பெக்கேஜ்தான் எடுத்தது. பேர் போடல்ல, ஓனரும் நம்மட ஊர்ப் பொடியன், நாளைக்கு கோயில் திருவிழாவில ஆளுக்கு ஆள் முகம் பாக்கணும். கேடிஎச் வேன், ட்ரைவர், எண்ணெய், வெள்ளவத்தையில ரெண்டு ராத்திரி ரூம், மறுகா எங்க எத்தின மணிக்கு போறதெண்டு டைப் பண்ணின ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட்டப் பத்தித்தான் முக்கியமா இத எழுதுறன்.

போறதுக்கு முதலே வீட்ட ஒரு சண்ட. தலைநகரம் பாக்கப் போறம் எண்டு நான் சொல்ல மூத்தவள் "இல்லம்மா, தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே" எண்டாள், "கோட்டைக்குத்தானே புள்ள ரெயில் போறது" எண்டு மாமி, அது கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் மாமி, இது கோட்டே, வேற ஊர் எண்டு விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள வேன் வந்து ஹோர்ன் அடிச்சிட்டு.

வேன் நல்லது, சொல்லத்தான் வேணும். ஏசி பின் சீட் வரைக்கும் வந்திச்சு, சீட் கிழியல்ல. ட்ரைவர் தம்பி தங்கமான பொடியன். வியாழன் ராத்திரி பத்து மணிக்கு வெளிக்கிட்டு வாழைச்சேனை, பொலன்னறுவை தாண்டி மின்னேரியாக்கும் ஹபரணைக்கும் இடையில போகக்குள்ள ரோட்டோரத்துல ஆனை ஒண்டு, தனி ஆனை. ஹோர்ன் அடிக்கல்ல, லைட்ட டிம் பண்ணி தூரத்துலயே நிப்பாட்டிற்று "ஒருத்தரும் கதைக்காதீங்க, போன் லைட் போடாதீங்க" எண்டு மட்டும் சொன்னார். அது காதை ஆட்டி ஆட்டி ஒரு கால் மணித்தியாலம் நிண்டுபோட்டு காட்டுக்குள்ள இறங்கினதுக்குப் பிறகுதான் வண்டிய எடுத்தார். என்ர சின்னவன் அவ்வளவு நேரமும் வாயப் பொத்திக்கொண்டே இருந்தான், வீட்ட ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்ல.

குருநாகல் தாண்டி விடிய நாலரைக்கு வெள்ளவத்த. அங்கதான் தொடங்கினது கூத்து. ரூம் பகல் ரெண்டு மணிக்குத்தானாம். ராத்திரிப் பயணம் எண்டு லிஸ்ட் போட்டவருக்கு ஆக்கள் விடியக்காலம வந்து இறங்குவாங்க எண்டு தெரியாதா? கிழவிகள் ரெண்டு பேர், நித்திர முழிச்ச புள்ளையள், குளிக்க இடமில்ல, பெற்றோல் செட் டொய்லட்டுல முகம் கழுவி, சைவக் கடை துறக்கும் வரைக்கும் வேனுக்குள்ளயே குந்தி இருந்தம். ஓனருக்கு கோல் எடுத்தா போன் ஓஃப்.

வெள்ளிக்கிழம லிஸ்ட் இது: தெஹிவளை ஸூ, மியூசியம், சுதந்திர சதுக்கம், கங்காராம விகாரை, தாமரைக் கோபுரம். ஒரே நாள்ல! மேப்புல பாத்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும், அதுக்காக மாமிட முழங்காலையும் அந்த மேப்புல போட்டுப் பாக்கணுமே. ஸூவே அரை நாள் எடுத்திச்சு. 1936ல தொடங்கின இடம், பெரிய மரங்கள், நல்ல நிழல், ஆனா ஏத்தமும் இறக்கமும். முந்தி பின்னேரத்துல ஆனை டான்ஸ் காட்டுவாங்க, தான் கலியாணம் முடிச்ச புதுசில பாத்தது எண்டு அம்மா கதை சொல்லிக்கொண்டு நடக்க, மாமி ஒவ்வொரு வாங்கிலயும் இருந்து இருந்து வந்தா.

மியூசியத்துக்கு நாங்க போய்ச் சேர மூண்டரை. லிஸ்ட்டுல அதுக்கு முக்கால் மணித்தியாலம்தான் போட்டிருக்கு. 1877ல துறந்த வெள்ளக் கட்டிடம், வாப்புச்சி மரிக்கார்தான் கட்டினவர், சம்பளம் வேணாம், வெள்ளிக்கிழமயில மியூசியத்த பூட்டுங்க எண்டு கேட்டாராம் எண்டு ஒரு கதை சொல்லுவாங்க, நாங்க வெள்ளிக்கிழமதான் போனம், துறந்துதான் கிடந்திச்சு. கண்டி ராசாட சிம்மாசனத்துக்கு முன்னால நல்ல சனம், இங்கிலாந்துக்கு கொண்டு போய் 1934லதான் திருப்பித் தந்தவங்க. அங்கால மூண்டு மொழிக் கல்வெட்டு ஒண்டு நிக்கிது, சீனக் கப்பல் தளபதி செங் ஹோ 1409ல எழுதிக் கொண்டு வந்தது, 1911ல காலியில கண்டெடுத்தது. சீனத்துல புத்தருக்கு, பாரசீகத்துல அல்லாவுக்கு, தமிழ்ல தெனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு, காணிக்கை குடுத்த கணக்கு. கல்லு நல்லா தேஞ்சு போச்சு. அம்மா கண்ணாடியக் கழட்டி சேலைத் தலைப்பால துடைச்சு திரும்பப் போட்டு குனிஞ்சு பாத்து, "இஞ்ச பாருகா, இது 'ன'தானே" எண்டா. பிறகு இன்னொரு எழுத்து. மூத்தவளும் சேந்து தேட, ரெண்டு பேரும் ஒரு அஞ்சாறு எழுத்துப் புடிச்சிருப்பாங்க, அதுக்குள்ள தம்பி வந்து "லிஸ்ட்டுல சொன்ன நேரம் போயிட்டு" எண்டு அவசரப்படுத்தினான். எனக்கு வந்த ஆத்திரம்.

அவசரப்பட்டு என்ன புண்ணியம், வெள்ளிக்கிழம பின்னேரம் கொழும்பு ட்ரபிக் எண்டா தெரியும்தானே. கங்காராமக்கு போகவே இல்ல. தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம், 2022 செப்டம்பர்லதான் சனத்துக்குத் துறந்து விட்டது, மேல ஏறிப் பாக்க எண்டுதான் புள்ளையள் ஊர்லயே துள்ளினதுகள், நாங்க வேன் கண்ணாடிக்குள்ளால அண்ணாந்து பாத்ததோட சரி.

அண்டைக்கு ராத்திரி ட்ரைவர் தம்பி லிஸ்ட்ட வாங்கிப் பாத்துட்டு சிரிச்சார். சனிக்கிழம காலம பத்தரைக்கு காலி முகத்திடலாம், அந்த வெயிலுக்குள்ள! ஞாயிறு காலம புறக்கோட்டையாம். "அக்கா, ஞாயித்துக்கிழம புறக்கோட்டையில கனக்க கடை பூட்டு, நாளைக்கே போங்க, வேனையும் கொண்டு போகாதீங்க, பாக்கிங்குக்கே அரை நாள் போயிரும், இந்தா ஸ்டேஷன்" எண்டார். வேன் ட்ரைவரே வேன் வேணாம் எண்டு சொல்லுறார், கேக்காம விடுவமா.

கொழும்புப் பயணத்துலயே நல்ல அரை நாள் அதுதான். வெள்ளவத்தையில ஏறினா பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை, தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே கடல், டிக்கட் காசு ஒரு பிளேன்டீக் காசுதான். புள்ளையளுக்கு ஜன்னல், மாமிக்கு சீட்டு. கோட்டையில இறங்கி புறக்கோட்டைக்குள்ள நடந்தம், சாமானத் தள்ளிக்கொண்டு வாற நாட்டாமிமார் கத்தக் கத்த ஒதுங்கி ஒதுங்கி, 1908ல கட்டத் தொடங்கின சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலப் பாத்தம், செங்கல் நிறமும் வெள்ளையும் கோடு கோடா, மாதுளம்பழம் மாதிரி கூம்பு. "காத்தான்குடிப் பள்ளி என்ன குறைச்சலா" எண்டு மாமி. சரிதான், ஆனா இது வேற மாதிரி.

பின்னேரம்தான் காலி முகத்திடல். பட்டம், காத்து, இறால் வடை. பருப்பு வடைக்கு மேல ஓட்டோட ரெண்டு மூண்டு இறால் குத்தி, வெங்காயமும் உறைப்புச் சாறும் ஊத்தித் தருவாங்க. எங்கட வாவி இறால் திண்ட வாய்க்கு அந்த இறால் ஒண்டுமில்ல, ஆனா கடல் காத்துக்கு எல்லாம் ருசி, நான் மூண்டு திண்டன்.

ஞாயிறு லிஸ்ட்டத் தூக்கிப் போட்டுட்டு கொச்சிக்கடைக்குப் போனம், பொன்னம்பலவாணேசர் கோயில் முழுக்க கருங்கல்லு, வெறுங்காலுக்கு குளிர்ச்சி. கிட்டத்தான் அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21 அங்கயும் குண்டு, எங்கட சீயோன் சேர்ச்சிலயும் குண்டு, ஒரே காலம. அம்மா மெழுகுதிரி ஒண்டு வாங்கிக் கொளுத்திற்று ஒண்டும் கதைக்காம வந்து வேன்ல ஏறினா.

இனி கணக்கு. திரும்பி வந்து இறங்கினதும் கூடுதல் கிலோமீட்டர் எண்டு இன்னொரு பில் நீட்டினாங்க. சனிக்கிழம வேன் அரை நாள் சும்மா நிண்டதே, போகாத இடங்கள் இருக்கே எண்டு கேட்டா அது பெக்கேஜ்ல இல்லியாம். முதலே எத்தின கிலோமீட்டர் சேத்தி எண்டு எழுத்துல வாங்காதது எங்கட பிழை, நீங்க வாங்குங்க. ரூம் எத்தின மணிக்கு எண்டும் கேளுங்க.

அடுத்த முற நாங்க உதயதேவி ரெயில்லதான் போறது, பகல்ல ஏறினா ராத்திரிக்கு ரூம் ரெடி. வேன்தான் வேணும் எண்டா கிட்ட இருக்கிற பாசிக்குடாக் கடற்கரைக்கு எடுங்க. ஓனருக்கு இதெல்லாம் வொயிஸ் மெசேஜ்ல சொல்லி ஒரு கிழம ஆகுது, நீலச் சரி ரெண்டும் விழுந்திருக்கு, பதில் இல்ல. ட்ரைவர் தம்பி இப்ப சொந்தமா ஒரு வேன் பாக்கிறாராம், அவர்ர நம்பர் வேணுமெண்டா இன்பொக்ஸ் வாங்க.